பத்தாம் தேதி வேலை

மண்டபம் வடக்குக் கடற்கரையில் ஒரு படகுப் பட்டறை. அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஓர் அக்கா, என் தவற்றுக்கான பழியை நான்கு மாதம் சுமந்தார். தவறு அவருடையதல்ல என்பது பழி விழுந்த அன்றைக்கு ராத்திரியே எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதற்கான தடைக்காலம் அது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் 61 ஆனது. கடலில் தொழில் நிற்கும் அந்த இரண்டு மாதமும் பட்டறையில் மூச்சுவிட நேரமிருக்காது. ராமேசுவரம், பாம்பன், மண்டபம் என எல்லா இடத்திலும் படகுகள் கரையேறும். உளுத்த பலகையை மாற்ற வேண்டும், மூட்டுகளில் பஞ்சடைக்க வேண்டும், இன்ஜினை இறக்கிப் பழுது பார்த்து ஏற்ற வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். நடுவில் மீன்வளத்துறை ஆய்வுக்குப் படகும் தாள்களும் தயாராக இருக்க வேண்டும். ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்ததைத் தொட முடியும். எல்லாவற்றுக்கும் கெடு ஜூன் 14. பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு தொழில் நாள் போனால் மறுநாள் போய் ஈடுகட்டவும் வழியில்லை.

பட்டறைக்காரர் எனக்கு மாமா முறை. நான் ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பட்டறையின் வேலைகள் முழுவதும் ஒரு நோட்டிலும் அந்த அக்காவின் ஞாபகத்திலும் இருப்பதைப் பார்த்து, இதற்கு ஒரு தரவுத்தளம் செய்து தருவோம் என்று இறங்கினேன். ஒவ்வொரு படகுக்கும் ஒரு பக்கம். அதன் கீழ் வேலைகள், யார் செய்வது, என்ன பொருள் வாங்க வேண்டும், எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும், எதற்கு முன் எது என்ற விவரங்கள். காலையில் திறந்தால் அடுத்த சில வாரத்து வேலைகள் தேதி வரிசையில் நிற்கும். வகுப்பு முடிந்த ராத்திரிகளில் வீட்டில் உட்கார்ந்து இரண்டு வருடம் செய்தேன். அதன் மீது எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

முடித்ததும், சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது, குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள் என்று கேட்டேன். நான்கு பேர் முன்வந்தார்கள். படகு வேலை செய்யும் ஓடாவி ஒருவர், இன்ஜின் மெக்கானிக் ஒருவர், இரண்டு படகு வைத்திருந்த சம்மாட்டி ஒருவர், அந்த அக்கா. குறைகளை எழுதித் தர ஒரு படிவமும் அச்சடித்துக் கொடுத்தேன். பிழை எந்தத் திரையில் வந்தது, எப்படி வந்தது, மறுபடி செய்தால் வருகிறதா என்று கட்டம் கட்டமாகக் கேட்கும் படிவம். கை முழுக்க கிரீஸோடு நிற்கும் மெக்கானிக் அதை எங்கே உட்கார்ந்து எழுதுவார் என்று நான் யோசிக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் அக்கா என்னிடம் சொன்னார்: “தம்பி, மே பத்துல முடிக்கவேண்டிய வேலை ஒண்ணையும் காணோம். பதினெட்டாம் தேதி வேலை இருக்கு, இருபத்தஞ்சு இருக்கு. பத்தைத்தான் காணோம்.”

பிழையின் சாவியையே அவர் கையில் கொடுத்துவிட்டார். நான் வாங்கவில்லை. பதிவைத் திறந்து பார்த்தேன். 10/05 இருக்க வேண்டிய இடத்தில் 05/10 என்று இருந்தது. “நாளையும் மாசத்தையும் மாத்திப் போட்டிருக்கீங்கக்கா” என்றேன். “இல்லப்பா, சரியாத்தான் போட்டேன்” என்றார். உள்ளே போய் அட்டவணையில் நேராகத் திருத்தினேன். திருத்தியது அப்படியே நின்றது. பாருங்கள், பிழை நிரலில் இல்லை என்று காட்டினேன். அதற்குப் பிறகும் அவர் இரண்டு முறை சொன்னார். படிவத்தில் எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் எழுதவில்லை. எழுதாததை வைத்தே பிழை இல்லை என்று முடிவு கட்டினேன்.

அதோடு விட்டிருந்தாலும் பெரிய கேடு வந்திருக்காது. அக்கா நோட்டிலும் எழுதிக்கொண்டே இருந்தார். அது எனக்கு உறுத்தியது. என் வேலையை அவர் நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு கணக்கு இருந்தால் குழப்பம்தான் வரும் என்று மாமாவிடம் சொல்லி, மே நடுவில் அந்த நோட்டை மூட வைத்தேன்.

ஒரு விசைப்படகுக்கு ஷாஃப்ட் புஷ் மாற்ற வேண்டியிருந்தது. தூத்துக்குடியிலிருந்து வரவழைத்து ஜூன் 10ஆம் தேதிக்குள் பொருத்துவதாக ஏற்பாடு. அந்த வேலை பட்டியலில் வரவேயில்லை. என் நிரல் அதை அக்டோபர் 6ஆம் தேதியில் கொண்டுபோய் வைத்திருந்தது. படகை இறக்கி ஓட்டிப் பார்த்தபோதுதான் ஷாஃப்ட் ஆடுவது தெரிந்தது. மறுபடி கரையேற்றி, புஷ் வாங்கி வந்து பொருத்துவதற்குள் ஒரு வாரம் போய்விட்டது. தடை முடிந்து முதல் வாரம் என்றால் என்ன என்று கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும். இரண்டு மாதம் வருமானமில்லாமல், அரசு தரும் நிவாரணத்தையும் கடனையும் வைத்து அடுப்பெரித்தவர்கள், அந்த முதல் கடல் பாடுகளை நம்பித்தான் இருப்பார்கள். டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தில் பங்கு. படகு போகவில்லையென்றால் பங்கும் இல்லை. அந்தப் படகின் ஆட்கள் மற்ற படகுகள் போவதைக் கரையில் நின்று பார்த்தார்கள்.

“தேதியை ஒழுங்காப் பார்த்துப் போடத் தெரியாதா?” என்று எல்லோர் முன்பும் அக்காவைக் கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அன்று ராத்திரி 10/06 என்று நானே போட்டுப் பார்த்தேன். 06/10 என்று வந்தது. தேதியைச் சேமிக்கும்போது என் நிரல் அதைக் கட்டளைக்குள் வெறும் எழுத்தாக ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. நான் பயன்படுத்திய தரவுத்தளம் கட்டளையில் வரும் தேதியை அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில், நாள் பிறகு என்று படிக்கும். 18/05 என்று வந்தால் பதினெட்டாவது மாதம் கிடையாதே, அதனால் தானே திருப்பிப் படித்துக்கொள்ளும். 10/05 வந்தால் அக்டோபர் 5 என்று எடுத்துக்கொள்ளும். மாதத்தின் முதல் 12 நாளில்தான் இந்தத் தவறு நடக்கும். நான் சோதித்ததெல்லாம் ஏப்ரல் 15, மே 18, மே 25, ஜூன் 14. அத்தனையும் 12க்கு மேல். அந்தத் தரவுத்தளத்தின் கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிற விஷயம் இது. படிக்காதது என் பிழை.

ஒரே வரியில் திருத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கிய நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்துபோனது. ஒரு மென்பொருள் பவுண்டு அளவில் தந்த கணக்கை இன்னொன்று நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம் என்று வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறேன். பாதை பிசகுவதை வழிநடத்தும் குழுவில் இருந்தவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். அவர்களுடைய கவலை முறைப்படி பதிவாகி மேலே போகவில்லை, யாரும் பின்தொடரவும் இல்லை. அந்தக் கதையின் இந்தப் பாதியை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. மாமாவின் பட்டறையில் நடந்தது இந்தப் பாதிதான்.

அக்டோபரில் மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். அதற்குள் அக்கா வேலையை விட்டு நின்று, ஒரு ஐஸ் கம்பெனியில் சேர்ந்திருந்தார். தேடிப் போய், நடந்ததை முழுவதும் சொல்லி, மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “தப்பு எல்லாருக்கும் வரும் தம்பி. நோட்டை மூடச் சொன்னியே, அதான்” என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அந்தப் படகுக்காரர்கள் இழந்த வாரத்துக்கு என்னால் முடிந்ததைக் கொடுத்தேன். அக்கா இழந்த பெயருக்கு ஈடாகக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. பட்டறையில் அன்று நின்றவர்கள் அனைவரிடமும் போய், தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

வரும் தடைக்காலத்துக்கு அதே நிரலைத் திருத்தி மறுபடி சோதிக்கப் போகிறேன். ஆட்கள் தேவை. படிவம் இல்லை. வாயால் சொல்லுங்கள், உங்கள் வார்த்தையிலேயே நான் எழுதிக்கொள்கிறேன். நீங்கள் சொல்வது பிழை இல்லை என்று எனக்குத் தோன்றினால், அதை நிரூபிக்க வேண்டியது நான். பட்டறையில் நோட்டு திறந்தே இருக்கும். நிரலும் நோட்டும் வேறு வேறு சொன்னால், அன்றைக்கு நோட்டுப்படிதான் வேலை நடக்கும்.

வருகிறவர்களுக்கு முதல் நாள், பத்தாம் தேதி வேலை காணாமல் போன கதையைச் சொல்லிவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் திறப்பேன்.