சுண்ணாம்பு தடவிய கலயம்

ஜெர்மனியின் ஃபிராங்கோனியாப் பகுதியில் ஊருக்கு ஊர் பீர் வடிக்கும் சாலைகள் உண்டு. அவற்றை இணைத்தே மக்கள் நடைப்பயணம் செல்வர். நண்பரும் நானும் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் அத்தகைய பயணமொன்றைத் திட்டமிட்டோம். தமிழகத்தில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆகவே எங்களுக்குப் பதநீரே.

பாளையில் சுரப்பது ஒரே சாறுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிடில் சில மணி நேரத்தில் கள். அந்தச் சிறிதளவு சுண்ணாம்பே பனையேறியைச் சட்டத்தினின்று காக்கிறது. 2003 முதல் மதுவைச் சில்லறையாய் விற்பதோ அரசே! நாள்தோறும் பீடத்தில் திராட்சை இரசம் ஏந்தும் எனக்கு இந்நீதி விளங்கவில்லை.

நண்பர் வரைபடத்தில் பனைகளைக் குறித்தார்; பனையேறிகளைக் குறிக்கச் சொன்னேன். இருவரே தேறினர். மூத்தவர் சித்திரைக்குப்பின் ஏறமாட்டாராம். பயணத்தைப் பங்குனிக்கு மாற்றியுள்ளோம். விடியுமுன் அவர் மரத்தடியில் நிற்க வேண்டும்.