அப்பத்தாவின் ஏலச் செடியும் அடங்காத பூச்சியும்

சிலமலையில் அந்த வீட்டு ஜன்னலோரம் ஒரு மண்தொட்டி. அதில் இடுப்பளவு உயரத்துக்கு ஓர் ஏலச் செடி. போடிமெட்டு மலைப்பாதையில் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டிய தாத்தா, கடைசியாக மலையிலிருந்து கொண்டுவந்தது. அவர் போய் இரண்டு வருஷமாகிறது.

கொஞ்ச நாளாகத் தொட்டியைச் சுற்றிக் கறுப்பாகச் சின்னஞ்சிறு பூச்சிகள். காபி டம்ளரில் விழுகின்றன. டிவி வெளிச்சத்தில் மொய்க்கின்றன. கொசு மருந்து அடித்தால் ஒருநாள் அடங்கும், மறுநாள் பழைய கதைதான்.

"தொட்டியத் தூக்கி வாசல்ல வெச்சிரலாம் அத்தை" என்றார் மருமகள். வாசல் வெயிலை ஏலம் தாங்காது என்று அப்பத்தாவுக்குத் தெரியும். பதில் பேசாமல் இன்னொரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார்.

விடுமுறைக்கு வந்த பேத்தி, உருளைக்கிழங்கு வில்லை ஒன்றை மண்மேல் வைத்தாள். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால், அடியில் கறுப்புத் தலையுடன் கண்ணாடி போன்ற புழுக்கள்.

"இது கொசு இல்ல அப்பத்தா, காளான் ஈ. கடிக்காது. ஆனா ஈர மண்ணுலதான் முட்டை வைக்கும்."

ஒரு பெண் ஈ 100 முட்டைகளுக்கு மேல்கூட இடும். முட்டை, புழு, கூட்டுப்புழு என மண்ணுக்குள்ளேயே வளர்ந்து, 3 அல்லது 4 வாரங்களில் பறக்கும். பறப்பதை மட்டும் கொன்றால், மண்ணில் இருப்பவை அடுத்து வரும். பூஞ்சையும் மக்கிய குப்பையும்தான் புழுக்களின் தீனி. பெருகிவிட்டால் இளம் வேரையும் கடிக்கும்.

அப்பத்தாவின் முகம் வாடியது. "அப்ப நான் ஊத்துன தண்ணிதான் காரணமா?"

காலையில் ஒரு சொம்பு. தாத்தா ஞாபகம் வரும்போதெல்லாம் ஒரு சொம்பு. அப்படித்தான் ஊற்றியிருக்கிறார்.

மறுநாளே பேத்தி வைத்தியத்தைத் தொடங்கினாள். மண்மேல் கிடந்த காய்ந்த இலைகளை அள்ளினாள். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செருகினாள். பறக்கும் ஈக்கள் அதில் ஒட்டிக்கொண்டன. மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். அதுவும் அடித்தட்டில் ஊற்றி, அரை மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். வேருக்கு ஈரம் கிடைக்கும், மேல்மண் காய்ந்திருக்கும். இதற்கும் அடங்காவிட்டால், கொசுப்புழுவை அழிக்கும் பி.டி.ஐ. பாக்டீரியாவைத் தண்ணீரில் கலந்து ஊற்றலாம். 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்ட அது, இந்தப் புழுவையும் கொல்லும்.

அதற்குத் தேவை வரவில்லை. ஒன்றரை மாதத்தில் பூச்சி அடங்கியது. தொட்டியும் ஜன்னலோரமே தங்கியது.

அப்பத்தா இப்போதும் காலையில் சொம்போடுதான் வருகிறார். விரலை மண்ணில் விட்டுப் பார்க்கிறார். ஈரம் இருந்தால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, இலைகளைத் துணியால் துடைத்தபடி கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.