பலகையில் ஏறிய குன்னூர்

பெரியதொரு பொருளைச் சிறிதாக்கிக் கண்முன் வைத்துப் பார்க்கும் ஆவல் மாந்தர்க்குப் பழையது. கட்டட வல்லுநர் ஒரு மாளிகைக்கோ பள்ளிவாசலுக்கோ அட்டையில் மாதிரி செய்து ஊர்ப் பெரியவர்கள்முன் வைப்பதை யாவரும் கண்டிருப்போம். அஃது இனி எழப்போகும் ஒன்றின் முன்னறிவிப்பு. யாம் இங்கே எழுதப் புகுவதோ, நூறாண்டுக்கு மேலாக நின்று நிலைத்துவிட்ட ஒரு புகைவண்டி நிலையத்தைப் பீரோவின் தலைமேல் அடங்கும் ஒரு பலகையில் மீண்டும் கட்டிய கதை. இதனால் யாருக்கு என்ன பயன் என்று வினவுவோர் உளர். எம் இல்லத்தார் அவ்வினாவை நாள்தோறும் எழுப்பிவந்தனர்.

நிலையம், நீலகிரி மலைப்பாதையில் உள்ள குன்னூர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899ஆம் ஆண்டிலும், அங்கிருந்து உதகமண்டலம் வரை 1908ஆம் ஆண்டிலும் திறக்கப்பெற்ற பாதை அது. நீளம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள் என்று கணக்குச் சொல்வர். 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துக்கு மேல் 326 மீட்டர். உதகை 2203 மீட்டர். நடுவே அமைந்த குன்னூர் வரைதான் பற்சட்டப் பாதை. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களின் நடுவே பல்வைத்த இரும்புச் சட்டங்கள் தோன்றிக் குன்னூரோடு முடிந்துவிடுகின்றன.

முழுப் பாதையையும் ஏன் செய்யலாகாது என்று எம் தம்பி மகன் கேட்டான். விடை எளிய கணக்கில் உள்ளது. யாம் கொண்ட அளவு நூற்றில் ஒன்று. அதாவது ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். அவ்வளவில் 46 கிலோமீட்டர் 460 மீட்டராகும். எம் தெருவே அத்துணை நீளமில்லை. உயரமோ பத்தொன்பது மீட்டரை நெருங்கும். ஆறு மாடிக் கட்டடம் ஒன்று வேண்டும். எமக்கு வாய்த்ததோ 130 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உடைய ஓர் ஒட்டுப்பலகை. ஆகவே ஒரு நிலையம். அதிலும் ஒரு துண்டு.

குறுகிய இடத்தில் இருப்புப்பாதை மாதிரி அமைப்பது மேலைநாட்டில் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துள்ளது. ஆங்கில நாட்டில் சிரில் ஃபிரீசர் என்பார் 1957இல் வெளியிட்ட 'மைனரிஸ்' என்னும் வரைபடம், ஒரு நகர முனையத்தைச் சில அடி நீளத்தில் அடக்கிக் காட்டியது. இன்றும் அதனைப் பார்த்துக் கட்டுவோர் உண்டு. வண்டி சும்மா வட்டம் சுற்றுவதைக் காட்டிலும், ஒரே நிலையத்தில் வந்து, எஞ்சின் மாறி, திரும்பிப் போவதில்தான் வேலை மிகுதி என்பது அத்தகையோர் கருத்து. யாமும் அக்கட்சியே. அந்த வகையில் குன்னூரை விஞ்சும் நிலையம் தென்னாட்டில் அரிது. மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டியைப் பின்னிருந்து தள்ளிவந்த நீராவி எஞ்சின் இங்கே கழற்றப்படும். இந்நாளில் உதகைக்கு டீசல் எஞ்சின் கொண்டுசெல்கிறது. முன்னாளில் அதற்கும் நீராவியே. அன்றியும், நிலையத்தின் அமைப்புக் காரணமாக வண்டி நேரே மேலேறிவிட இயலாது. சிறுதொலைவு பின்வாங்கி, அதன்பின்னரே முன்னேறி உதகைச் சரிவைப் பற்றும். இத்தனையும் ஒரு நிலையத்தில் நிகழ்வதால், பலகை சிறிதாயினும் கைக்கு ஓய்விராது.

பாதையின் அகலம் பற்றி முதலில் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. உண்மைப் பாதை மீட்டர் அகலம். எம் அளவில் அது பத்து மில்லிமீட்டர் ஆக வேண்டும். கடையில் கிடைக்கும் சிறு தண்டவாளமோ ஒன்பது மில்லிமீட்டர். பன்னிரண்டு மில்லிமீட்டரும் உண்டு; அதன் விலையைக் கேட்டவுடன் ஒன்பதே அழகு என்று தோன்றியது. ஒரு மில்லிமீட்டர் குறைவை இதுவரை எவரும் கண்டுபிடித்திலர்.

ஏற்றமே பெரிய சிக்கல். மலைப்பாதையில் மிகக் கடுமையான சரிவு பன்னிரண்டரைக்கு ஒன்று. அரை மீட்டர் நீளத்துக்கு நான்கு சென்டிமீட்டர் உயர வேண்டும். அவ்வாறே ஒரு மரச்சட்டத்தைச் சாய்த்து, தண்டவாளம் பொருத்தி, இரண்டு பெட்டிகளை முன்வைத்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தோம். சக்கரம் சுழன்றது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. வழவழப்பான இரும்பின்மேல் வழவழப்பான சக்கரம் எந்த அளவுக்குத்தான் பற்றும்? ரோமன் ஆப்ட் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் வகுத்த பற்சட்ட முறையின் தேவை என்ன என்பதை எந்த நூலினும் தெளிவாக அந்த மரச்சட்டம் எமக்கு உணர்த்தியது. அம்முறையில் பற்சட்டங்கள் இரண்டு இணையாகக் கிடக்கும். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும். எனவே எஞ்சினின் பற்சக்கரம் எந்நேரமும் ஏதேனும் ஒரு பல்லைக் கவ்விக்கொண்டே இருக்கும்.

அதனை நூற்றில் ஒரு பங்காக்கி இயங்கச் செய்தல் எம் திறனுக்கு அப்பாற்பட்டது. ஆதலின் ஏற்றத்தை இருபத்தைந்துக்கு ஒன்றாகக் குறைத்து, பற்சட்டத்தைத் தோற்றத்துக்கு மட்டும் வைத்தோம். அதற்கு உதவியது மின்கம்பிகளைக் கற்றையாகக் கட்டும் நைலான் பட்டை. அதன் ஒருபுறம் நுண்ணிய பற்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மெல்லிய பட்டைகள் இரண்டை அருகருகே, அரைப் பல் தள்ளி ஒட்டித் துருநிறம் பூசினால், ஆப்ட் அவர்களே வந்தாலும் ஒரு கணம் குனிந்து பார்ப்பார்.

பலகையின் மற்ற ஏற்பாடுகளைச் சுருங்கச் சொல்லலாம். மேட்டுப்பாளையமும் உதகையும் எம்மிடம் ஒரே மரத்தட்டுத்தான். வலமுனையில் பொருத்தினால் அது மேட்டுப்பாளையம். வண்டி ஏறிவந்து, பின்வாங்கி, இடமுனை வழியாக வெளியேறும்போது அதே தட்டை அங்கே மாட்டினால் உதகை. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் எல்லாம் அத்தட்டைத் தூக்கிக்கொண்டு யாம் நடக்கும் மூன்றடி தூரத்தில் கடந்துபோகும். மின்னோட்டம் 12 வோல்ட். ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்கள் நின்றால் இரண்டும் ஒருங்கே ஓடிவிடும் என்பதால், ஆங்காங்கே தண்டவாளத்தை மெல்லிய வாளால் அறுத்து இடைவெளி விட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுவிட்ச் வைத்தோம். நிலத்துக்கு, வீட்டில் வடிகட்டி எறியும் தேயிலைச் சக்கையை வெயிலில் காயவைத்துப் பசையின்மேல் தூவினோம். நீலகிரி மண்ணுக்குத் தேயிலையன்றி வேறு எது பொருந்தும்? தோட்டத்துச் செடிகள், பாத்திரம் துலக்கும் பச்சை நாரைத் துணித்து ஒட்டியவை.

இனி, இவற்றினும் முதன்மையான செய்திக்கு வருவோம்.

எம் பெரியத்தா குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கரி வாரிப்போட்ட தோள். முழங்கால் வலி கண்டபின் மலைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். பெரியம்மா மறைந்த பிறகு பேச்சையும் ஏறத்தாழ நிறுத்திக்கொண்டார். கண்பார்வையும் மங்கிவந்தது. மாலையில் எம் வீட்டுக்கு வருவார், நாற்காலியில் அமர்வார், தேநீர் அருந்துவார், போய்விடுவார். யாம் பலகையோடு போராடுவதைக் குழந்தை விளையாட்டு என்று எண்ணினாரோ, வேறென்ன எண்ணினாரோ, பல கிழமைகள் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

நிலையத்தின் அட்டைக் கட்டடங்களை ஒட்டுமுன் வெறும் தாள்களை வெட்டிப் பலகைமேல் இடம்பார்த்துக்கொண்டிருந்தோம். பின்மூலையில் ஓர் இடம் எஞ்சியிருந்தது. அங்கே கடைத்தெருவை வைப்பதா, எஞ்சின் கொட்டகையை வைப்பதா என்பது கேள்வி. கடைத்தெரு கண்ணுக்கு இனியது. பழக்கடை, வண்ணத் துணி, மனிதர் கூட்டம். கொட்டகையோ கரியும் புகையும். கடைத்தெருவின் பக்கமே எம் மனம் சாய்ந்திருந்தது. பெரியத்தா எழுந்துவந்து குனிந்தார். ஒவ்வொரு தாளாகக் கையால் தடவி, இது என்ன, அது என்ன என்று கேட்டார். பிறகு,

"ஏம்ப்பா, ஷெட்டு எங்க?" என்றார்.

"இடம் பத்தலைங்க பெரியத்தா. கடைவீதி வைக்கலாமான்னு பாக்கறோம்."

"கடைவீதி எல்லா ஊர்லயும் இருக்கு."

அவ்வளவே சொன்னார். கடைத்தெருத் தாள் அன்றிரவே அகற்றப்பட்டது.

மறுநாள்முதல் பேச்சு பெருகியது. வின்டர்தூர் நகரத்தில் செய்த அந்த எஞ்சின்களில் பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் என்றும், கீழது தண்டவாளச் சக்கரத்துக்கு, மேலது பற்சக்கரத்துக்கு என்றும், பற்சட்டம் தொடங்கியதும் கீழே உழைத்த ஆவியே மேலேறி மறுமுறை உழைக்கும் என்றும் விரல்களை மடக்கி விளக்குவார். யாம் அட்டையில் செய்த எஞ்சினின் பக்கவாட்டைத் தடவிப்பார்த்து, மேல் சிலிண்டர் மெலிந்திருக்கிறது என்றார். அஃது உண்மையே. மாற்றிச் செய்தோம். சாய்வுச் சட்டத்தில் விரலை ஓட்டி, "ஏத்தம் பத்தாதே" என்றார். சக்கரம் வழுக்கிய சோதனையைச் சொன்னதும் சிரித்தார். அவர் சிரித்துக் கேட்டு நாளாகியிருந்தது. அடுக்களையிலிருந்த எம் துணைவியார் வந்து எட்டிப்பார்த்துச் சென்றார்.

பெட்டிகளின் பொருட்டு ஒரு வழக்கே நடந்தது. நீலமும் பாலேட்டு நிறமும் பூசிய இரண்டு பெட்டிகளைக் கையில் கொடுத்தோம். அவற்றின் முன்தாழ்வாரத்தை நகத்தால் நெருடி, "ஆள் எங்க?" என்று கேட்டார். மலைவண்டியில் பெட்டிதோறும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. எஞ்சின் பின்னால் தள்ளுவதால் ஓட்டுநருக்கு முன்பாதை தெரியாது. முன்பெட்டித் தாழ்வாரத்தில் நிற்பவரே கொடியசைத்து வழிசொல்ல வேண்டும். பெட்டிக்குப் பெட்டி தனித் தடையும் அவர்கள் கையில்தான். சுற்றுலா வருவோர் பள்ளத்தாக்கைப் படமெடுப்பர்; தம் உயிரைக் கையில் பிடித்து நிற்கும் அம்மனிதரைப் படமெடுப்போர் சிலரே. நூற்றில் ஒன்றாக ஒரு மனிதர் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் உயரந்தான். செப்புக்கம்பியை முறுக்கி, பசைமாவு பூசி, பச்சைத்தாளில் கொடி வெட்டி இருவரை நிறுத்தினோம். பெரியத்தா அவர்களைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, தம்மோடு பணிசெய்தவர் ஒருவரின் பெயரைச் சொல்லி அழைத்தார். மற்றவருக்கும் ஒரு பெயர் கிடைத்தது. இருவரும் இப்போது உயிரோடில்லை என்றார். அப்பெயர்கள் பெட்டிகளின் அடிப்புறத்தில் எழுதப்பட்டுள்ளன. மலரில் வெளியிடுதற்குரியவை அல்ல.

எம் தம்பி மகனுக்கோ டீசல் எஞ்சின்தான் வேண்டும். அவன் பயணம் செய்து கண்டது அதுவே. பெரியத்தாவுக்கு அது பேச்சுக்கே உரியதன்று. ஆகவே ஒரே மோட்டார்ச் சட்டத்துக்கு இரண்டு அட்டை உடல்கள் செய்துவைத்துள்ளோம். பெரியவர் வரும் மாலைகளில் உதகைக்கும் நீராவியே செல்லும்; பள்ளி விடுமுறை நாட்களில் டீசல். ஒரு மாலை இருவரும் ஒருசேர வந்துவிட்டனர். அன்று வண்டி குன்னூரிலேயே நின்றது. பேரனுக்கும் பாட்டனுக்கும் வழக்கு முடிந்தபாடில்லை.

கொட்டகை இப்போது பாதி எழுந்துள்ளது. கூரையை எடுத்து மாட்டும்படி அமைத்திருக்கிறோம்; உள்ளே கைவிட்டுத் தடவிப்பார்க்க அவருக்கு வசதி. எஞ்சினின் அடியில் சாம்பல் தள்ளும் குழிக்கு அளவு கேட்டபோது, தரையில் நின்று தம் மார்பில் கைவைத்துக் காட்டினார். அந்தக் கையின் உயரத்தை நூலால் அளந்து, நூறால் வகுத்துக் குறித்துவைத்துள்ளோம். வரும் ஞாயிறன்று பலகையில் குழி வெட்ட வேண்டும்.