றொசல்லையில் கட்டிய ஸ்பிட்ஃபயர்

விறகு சுமந்த தலைக்குத்தான் மரத்தின் கனம் தெரியும். எங்கள் றொசல்லைத் தேயிலைத் தோட்டத்தில் அது பெண்களின் தலை. அந்தியில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கவ்வாத்து மிலாறு ஒரு கட்டும் தலையிலேற்றித்தான் லயத்துக்கு இறங்குவார்கள். அப்படிச் சுமந்து பழகிய என் அம்மா, மாமா நீட்டிய ஒரு பலகையை வாங்கினபோது அம்மாவின் கை சடக்கென்று மேலே போய்விட்டது. பாரத்துக்கென்று ஆயத்தமாகியிருந்த கை அது. "என்னடா தம்பி, உள்ளுக்கு ஒன்னுமே இல்லையா?" என்றாள்.

பால்சா மரம் எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான்.

மாமா துரை பங்களாவில் அப்புவாக இருந்தார். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும், மிச்சமிருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் மூட்டை கட்டினார்கள். போகிறபோது வேலையாட்களுக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். ஒருவருக்குக் குடை, ஒருவருக்குக் கோட்டு, தோட்டக்காரருக்கு நாய். மாமாவுக்குக் கிடைத்தது ஒரு தேயிலைப் பெட்டி. அதற்குள் தாளில் சுற்றிய மெல்லிய பலகைகள், சுருட்டிய வரைபடம் ஒன்று, பாதி கட்டிய ஒரு வால், காய்ந்து போன பசைக் குழாய்கள், சாம்பல் நிறத்தில் ஏரியல் வைத்த ஓர் இரும்புப் பெட்டி, அதன் ஜோடியான தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்று. வானொலி அலையால் ஓட்டுகிற விளையாட்டு விமானம், ஸ்பிட்ஃபயர் என்ற போர்விமானத்தின் சிறு வடிவம். துரை பல வருஷமாகப் பங்களா வராந்தாவில் அதைக் கட்டிக்கொண்டேயிருந்தாராம். விஸ்கிக்கு ஐஸ் கொண்டுபோய் வைக்கிற சாக்கில் மாமா பக்கத்தில் நின்று பார்த்தே தொழிலைப் படித்துவிட்டிருந்தார்.

பால்சா தென்னமெரிக்க மரம். எக்குவடோர் காடுகளில் ஆறேழு வருஷத்தில் வெட்டுகிற பருவத்துக்கு வந்துவிடும். ஒரு கன மீட்டர் பால்சா ஏறக்குறைய 160 கிலோதான். தேக்கென்றால் அதைப்போல நாலு மடங்கு. இந்தப் பூஞ்சை மரத்தை பேர்ச் ஒட்டுப்பலகைக்கு நடுவில் வைத்து அழுத்தித்தான் இரண்டாம் உலகப் போரில் மொஸ்கிட்டோ என்ற நிஜமான போர்விமானத்தையே செய்தார்கள் என்பதை வெகுகாலம் கழித்து வாசித்தேன். பர்மாப் போர்முனைக்கென்று இந்தியாவில் நிறுத்தியிருந்த மொஸ்கிட்டோக்களின் இறக்கைகள் வெயிலிலும் ஈரத்திலும் ஒட்டு விட்டு, 1944 கடைசியில் அவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்தி வைத்தார்களாம். வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வித்தையெல்லாம் றொசல்லையில் நாங்கள் பார்த்ததுதான்.

எங்கள் ஸ்டேஷன் வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் இருக்கிறது. இலங்கையில் மழை கொட்டித் தீர்க்கிற இடங்களைக் கேட்டால் வட்டவளையை முதல் வரிசையில் சொல்வார்கள். அந்த ஈரக்காற்றில் லயத்துச் சுவரே வியர்க்கும். துரை விட்டுப்போன பசை உதவாது என்று ஆனதும், உத்தியோகத்தர் கிளப்பில் வெடித்துப்போன பிங்பாங் பந்துகளைப் பொறுக்கி வந்து, பெயின்ட் அடிக்கிறவரிடம் கெஞ்சி வாங்கிய தின்னரில் ஊறப்போட்டு, மாமா தானே பசை காய்ச்சினார். மூக்கைத் துளைக்கிற நாற்றம். ஆனால் ஒட்டினால் மரம் முறியுமே தவிர ஒட்டு விடாது.

வரைபடத்தைத் தேயிலைப் பெட்டி மூடியில் விரித்துக் குண்டூசி குத்தி, அதன்மேல் வைத்துத்தான் கட்ட வேண்டும். இங்கேதான் துரை பல வருஷம் இழுத்தடித்த காரணம் புரிந்தது. சாதாரண விமானத்தின் இறக்கை நேராக இருக்கும். ஒரு விலாவை வெட்டி அச்சாக வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதே அளவுதான். மிட்சல் வரைந்த ஸ்பிட்ஃபயரின் இறக்கையோ நீள்வட்டம். 1936 மார்ச்சில் முதன்முதல் பறந்த நாள் தொட்டு உலகமே கண்வைத்தது அந்த வளைவின் மேல்தான். கட்டுகிறவனுக்கு அது பிராண சங்கடம். அடியிலிருந்து நுனிவரை எந்த விலாவும் அடுத்ததன் அளவில் இல்லை. இடப்பக்கத்து மூன்றாவதும் வலப்பக்கத்து மூன்றாவதும்தான் ஒன்றுக்கொன்று ஜோடி. மாமா பிளேடைப் பாதியாக ஒடித்து, ஒரு பக்கம் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு வெட்டுவார். நாரோட்டத்துக்கு எதிராகப் பிளேடு போனால் பலகை பிளந்துவிடும். வெட்டிய விலாவை உதட்டில் வைத்து ஊதிப் பார்ப்பார். பிசிறு இருந்தால் மூச்சிலேயே தெரியும் என்பார். சரியில்லாதவற்றை எனக்குத் தந்துவிடுவார். இஸ்தோப்பில் உட்கார்ந்து அவற்றை நான் வரிசையாக அடுக்கி விளையாடுவேன்.

இஸ்தோப்பில்தான், ஏனென்றால் காம்பராவுக்குள் விமானத்தைக் கொண்டுவரக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்க வந்த மார்ட்டின்எயர் விமானம், தான் எங்கே இருக்கிறது என்று தப்புக்கணக்குப் போட்டு, மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. 191 பேர். ஒருவர்கூட மிஞ்சவில்லை. கொழுந்து எடுத்துப் பழகிய கைகள் அங்கே என்னென்னவற்றை எடுத்தன என்பதை நோர்ட்டன்பிரிஜ் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வந்து சொன்னபோது, பெரியவர்கள் எங்களை வெளியே போகச் சொன்னார்கள். அந்த விமானத்தின் சக்கரம் ஒன்றை நோர்ட்டன்பிரிஜ்ஜில் இன்றைக்கும் நினைவாக வைத்திருக்கிறார்கள். அது பஞ்ச காலம் வேறு. மாவுக்கும் அரிசிக்கும் அல்லாடிக்கொண்டிருந்த சனம், அந்தச் சாவுக்கும் சேர்த்து அழுதது. ஏரோப்பிளேன் என்ற சொல்லே எங்கள் லயத்தில் சில மாதங்கள் சாவுச் சொல்லாக இருந்தது.

தாத்தாவுக்கு மட்டும் அந்தப் பயம் கிடையாது. அவருக்கு ஏரோப்பிளேன் என்றால் 1942தான். ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலையே விமான ஓடுபாதையாக்கி, அங்கிருந்து ஹரிக்கேன்கள் எழும்பிச் சண்டை போட்டன. ஸ்பிட்ஃபயர்கள் இலங்கைக்கு வந்து சேர்ந்ததெல்லாம் பிறகு. தாத்தா இதையெல்லாம் ஏதோ கூரைமேல் ஏறி நின்று கண்ணால் கண்டவர் மாதிரி சொல்லுவார். அவர் அப்போது கொட்டகலையில் முள்ளுக்குத்திக்கொண்டிருந்தார் என்பது அப்பாயிக்குத் தெரியும். "சிலோன்" என்று பெயர் வைத்த குண்டுவீச்சு அணி ஒன்று, 102ஆவது, பிரித்தானிய விமானப்படையில் இருந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த, இலங்கையில் திரட்டிய காசில் எங்கள் சனத்தின் கூடை எத்தனை என்று எந்தப் பலகையிலும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

எலும்புக்கூடு முடிந்ததும் பட்டம் கட்டுகிற ரிசுத்தாளை ஒட்டினோம். வாயில் தண்ணீர் வைத்து மாமா 'புர்ர்' என்று ஊதித் தெளித்தால் தாள் காயக்காயச் சுருங்கித் தப்புத்தோல் மாதிரி விறைக்கும். றொசல்லை மழையில் மறுநாளே தொய்ந்துவிடும். பார்த்துப் பார்த்து மாமா ஒரு வேலை செய்தார். தேயிலை ஸ்டோரில், அதாவது ஆலையில், இரவு வேலை செய்த கூட்டாளியைப் பிடித்து, கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் இறக்கையைத் தொங்கவிட்டார். கொழுந்திலிருந்து ஈரத்தை இழுக்கிற சூட்டுக்காற்று இறக்கையிலிருந்தும் இழுத்தது. விடிவதற்குள் கழற்றிவிட வேண்டும், டீமேக்கர் கண்ணில் பட்டால் தொலைந்தோம். திரும்பி வந்த இறக்கையில் கடைசிவரைக்கும் வாட்டிய கொழுந்து வாசம் போகவில்லை.

வானொலிப் பகுதியைச் சொல்ல வேண்டும். அனுப்புகிற பெட்டியில் ஒரே ஒரு பொத்தான்தான். அமுக்கினால், விமானத்துக்குள் முறுக்கிவிட்ட ரப்பரின் வலுவில் ஒரு பல் 'டக்' என்று நகர்ந்து சுக்கானை இடப்பக்கம் தள்ளும். விட்டால் நடுவுக்கு வரும். மறுபடி அமுக்கினால் வலம். அவ்வளவுதான். ஏற்றவும் இறக்கவும் ஒன்றுமில்லை. கடைசியாக எந்தப் பக்கம் திரும்பியது என்று ஓட்டுகிறவன் மனதில் வைத்திருக்க வேண்டும். ஒருநாள் பொழுது சாய்ந்த பிறகு மாமா லயத்தின் அந்தக் கோடியில் நின்று அமுக்க, இந்தக் கோடி இஸ்தோப்பில் சுக்கான் ஆடியது. கம்பியும் இல்லை, நூலும் இல்லை. கோயில் திருவிழாவுக்குக் கூடுகிற மாதிரி லயமே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி ரோதைமுனி பெயரைச் சொல்லிக் கும்பிட்டாள். மாமா திரும்பத் திரும்ப அமுக்கினார். அதிலேயே பேட்டரி தீர்ந்தது.

வேறு பேட்டரி கிடைக்கவில்லை. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. டோர்ச் லைட்டுக்கே பேட்டரிக்கு அலைய வேண்டும். இந்தப் பெட்டிக்கு வேண்டிய ரகத்தை ஹட்டனில் கண்டவரே இல்லை. எஞ்சினும் கிடையாது. ஆகவே மூக்கில் ஸ்டோர் நட்டுகளைக் கட்டிக் கனம் சரிபார்த்து, சும்மா மிதக்கவிடுவதென்று தீர்மானித்தார் மாமா. ஒரு மாசி மாதம், மழை ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை, ரெயில் பாதைக்கு மேலே இருக்கிற மலைக்குப் போனோம். பள்ளத்திலிருந்து காற்று ஏறி வந்துகொண்டிருந்தது. மாமா இரண்டெட்டு ஓடி எறிந்தார். தேயிலைக்கு மேலே அது நேராகப் போனது. சற்றே தலை தூக்கியது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, யாரும் திருப்பாமலே திரும்பி, அப்போதுதான் கவ்வாத்து வெட்டியிருந்த நம்பர் மலையில் இறங்கியது. வளர்ந்த செடியில் விழுந்திருந்தால் மெத்தையில் விழுந்த மாதிரி. கவ்வாத்துக் கட்டையில் விழுந்ததால் தாள் முழுக்கக் கிழிந்து, விலா இரண்டு முறிந்தது. மாமா முகத்தில் கவலையே இல்லை. "சுக்கான் மட்டும் வேலை செஞ்சிருந்தா கோச்சி ரோட்டுப் பக்கம் கொண்டுபோயிருப்பேன் மாப்ள," என்றார்.

1977இல் ஆட்சி மாறியது. இறக்குமதி திறந்துவிடப்பட்டது. ஹட்டன் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஜப்பான் பேட்டரி அடுக்கடுக்காக வந்து இறங்கியது. அதற்குள் மாமாவின் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு இந்தியாவுக்கென்று ஒதுக்கிய ஐந்தேகால் லட்சம் பேரில் அவரும் ஒருவர். எங்கள் குடும்பம் இந்தப் பக்கம், அவர் குடும்பம் அந்தப் பக்கம். யாரும் சண்டை போட்டுப் பிரியவில்லை, எப்போதோ நிரப்பிய ஒரு படிவம் பிரித்தது. தலைமன்னார் கோச்சி, அங்கிருந்து கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். டிரங்குப் பெட்டிக்குள் அடங்காத ஸ்பிட்ஃபயரை மாமா என்னிடம் விட்டுப்போனார். முறிந்த விலாவுக்கு வெட்டிவைத்த புதுத் துண்டுகளையும் ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார்.

ஈரம் படாமலிருக்க அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டேன். புகையேறிக் கறுத்து, ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்க இறக்கியபோது இறக்கை கையோடு வந்துவிட்டது.

சாம்பல் நிறப் பெட்டியின் கதை வேறு. தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஓர் இரவு அப்பா அதை எடுத்துப் பார்த்தார். ஏரியல், பொத்தான், உள்ளே வால்வும் கம்பியும். தமிழன் வீட்டில் அலை அனுப்புகிற பெட்டி. துரை, அப்பு, விளையாட்டு விமானம் என்று யாரிடம், எந்த மொழியில் விளங்கப்படுத்துவது? ஒன்றும் பேசாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எந்த மலையில், எந்தச் செடிக்கடியில் என்று கடைசிவரை சொல்லவில்லை. எங்களை யாரும் வந்து கேட்கவுமில்லை.

மாமா கூடலூர் தாண்டிச் சேரம்பாடியில், தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு நடத்திய டான்டீ தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றார். ஒரு கொழுந்திலிருந்து இன்னொரு கொழுந்துக்கு. நடிகர் அஜித் இந்த விமானங்களைக் கட்டி ஓட்டுகிறார் என்று செய்தி வந்த காலத்தில் அவருடைய மதிப்பு பேரப்பிள்ளைகளிடம் திடீரென்று ஏறிவிட்டது. இப்போது வாட்ஸ்அப்பில் பேசுவோம். போன மாதம் என் தம்பி மகன் ஹட்டனிலிருந்து நுரைப்பஞ்சு ஸ்பிட்ஃபயர் ஒன்றின் படத்தை அனுப்பியிருந்தான். பெட்டியைத் திறந்து இறக்கையைச் சொருகினால் முடிந்தது. காற்றில் தடுமாறினால் தன்னையே நிமிர்த்திக்கொள்கிற கருவி உள்ளே இருக்கிறதாம். படத்தை மாமாவுக்கு அனுப்பினேன். வெகுநேரம் நீல டிக் விழுந்தபடியே இருந்தது. பிறகு குரல் பதிவு வந்தது.

"நம்ம துரை ஒரு மடையன் மாப்ள. ஒத்தப் பொத்தான் பெட்டிக்கு இறக்கை மேல இருக்கிற ஏரோப்பிளேன்தான் தோதுப்படும், அது தானே நிமிரும். ஸ்பிட்ஃபயருக்கு இறக்கை கீழ. பேட்டரி இருந்திருந்தாலும் அன்னைக்கு அது கவ்வாத்து மலையிலதான் விழுந்திருக்கும். இதை அப்பவே எனக்குத் தெரியும்."

தெரிந்தும் ஏன் அதையே கட்டினீர்கள் மாமா என்று கேட்டேன்.

"அந்த இறக்கைய நீ பார்த்தியா இல்லையா?" என்றார்.