குற்றவாளி யார்?

யந்திரம் கெட்டுப் போனால் முதலில் அகப்படுகிறவன் அதைப் பிடித்திருந்த மனிதன்தான். உலக வழக்கம் அப்படி.

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி 'கஜா' புயல் வேதாரண்யத்துக்கருகில் கரை கடந்ததைத் தஞ்சை ஜில்லாவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரக் கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன. நம் வீட்டுக் கூரையைச் செப்பனிட வந்த ஆசாரி, வாடகை ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வேலையை ஆரம்பித்தார். இரண்டே நாளில் டிரில்லிங் மிஷினும் கட்டிங் மிஷினும் புகைந்து போயின.

"பையனுக்கு மிஷின் பிடிக்கத் தெரியவில்லை" என்று ஜெனரேட்டர்காரர் தீர்ப்புக் கூறினார். "இவன் கூலியில்தான் பிடிக்க வேண்டும், ஸார்" என்றார் ஆசாரி. பத்தொன்பது வயதுப் பையன் தலை குனிந்து நின்றான்.

பௌதிகம் போதிக்கும் நமக்கு, விசாரணையின்றித் தண்டனை விதிப்பது சரியாகப் படவில்லை. மல்ட்டிமீட்டரை எடுத்து வந்தோம். கருவிகளைக் கழற்றிவிட்டுப் பார்த்ததில், 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 270 காட்டியது! துடிப்போ வினாடிக்கு 51. இவ்வகை ஜெனரேட்டர் நிமிஷத்துக்கு 3000 முறை சுழன்றால் 50 துடிப்பு வரும். ஆகவே, என்ஜின் மிதமிஞ்சி ஓடவில்லை. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் 'ஏ.வி.ஆர்.' என்ற சிறு பெட்டியின் மேல்தான் சந்தேகம் விழுந்தது.

நாற்பது வோல்ட் அதிகமானால் என்ன என்று கேட்கலாம். மின் அடுப்புக் கம்பியில் அழுத்தம் 17 சதவிகிதம் ஏறினால் வெப்பம் சுமார் 38 சதவிகிதம் ஏறிவிடும். மோட்டாரும் அளவுக்கு மீறிச் சூடேறும். ஆர்மேச்சரின் காப்புப் பூச்சு கருகும். டிரில்லிங் மிஷினின் விசைக்குள் இருக்கும் மின்னணுப் பாகமோ அதற்கும் முன்பே உயிரை விடும்.

மெக்கானிக் வந்து ஏ.வி.ஆரை மாற்றினார். மீட்டர் 232-ல் நின்றது. ஜெனரேட்டர்காரர் முகத்தைச் சுளித்துக் கொண்டே வைண்டிங் செலவை வாடகையில் கழித்தார். பையனுக்குக் கூலி முழுவதும் கிடைத்தது.

நிற்க. ஜெனரேட்டர் எடுக்கும் நேயர்கள், விஷயமறிந்த ஒருவரைக் கொண்டு கருவியைச் செருகுமுன் ஒரு முறையும், கருவி ஓடும்போது ஒரு முறையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நீண்டு மெலிந்த ஒயரில் அழுத்தம் குறைந்தாலும் மோட்டார் திணறிச் சூடேறும். ஜெனரேட்டரை வீட்டுக்குள் மட்டும் ஓட்டாதீர்கள்; அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு ஆளையே கொன்றுவிடும். இவ்வளவும் பார்த்த பிறகு, பையனைக் கோபித்துக் கொள்வதானால் கோபித்துக் கொள்ளலாம்.