புகையிரதமும் அணிநடையும்

1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு யாழ்தேவி வருவது நின்றுபோயிற்று. 2003இல் நம் கல்லூரி வாத்திய அணிக்காகப் புகையிரதப் பயணமொன்றை அணிநடை இசையாக அமைக்க யான் முற்பட்டபோது, வாசிக்க நின்ற சிறுவருள் ஒருவரேனும் அவ்வோசையைத் தம் ஊரிற் கேட்டவரல்லர்.

முதல் இடர் வேகம். வண்டி புறப்பட்டு விரையவேண்டும். தாளத்தை விரைவுபடுத்தினாலோ அணியின் காலடி குழம்பும். 1923இல் 'பசிபிக் 231' என்னும் இசையை ஆக்கிய ஒனெகர், காலத்தைத் தாழ்த்திக்கொண்டே அடிகளைப் பகுத்து வேகத்தோற்றங் காட்டினார். யானும் காலத்தை மாற்றாது, ஓரடிக்கு ஒன்றாய் விழுந்த முரசொலியை இரண்டு, மூன்று, நான்கெனப் பகுத்தேன். கால்கள் பழைய நடையிலேயே சென்றன, வண்டியோ ஓடிற்று! கூவலுக்கு இரண்டு எக்காளங்கள், விசைகளைப் பாதியளவே அழுத்தி.

ஒத்திகையைக் கேட்டுநின்ற முன்னாள் நிலைய அதிபர் ஒருவர் திருப்தியுற்றாரல்லர். "தம்பி, தண்டவாளப் பொருத்திலை சில்லு இப்பிடிப் போகாது" என்று கூறி, மேசையில் விரல்களால் இரண்டும் இரண்டுமாகத் தட்டிச் சற்றே நிறுத்தினார். அடுத்தடுத்த இரு பெட்டிகளின் சில்லுகள் பொருத்தைக் கடந்தபின் வரும் இடைவெளி அது. எத்தனையோ இரவுகள் அதனைக் கேட்டவாறே உறங்கிய யான் அதனை மறந்திருந்தேன். மாணவர் அவர் விரல்களைப் பார்த்தே முரசின் விளிம்பில் அதனைப் பயின்றனர்.

2014 ஒக்டோபரில் வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அன்று எக்காளம் ஊதியவருள் ஒருவன் சில நாளில் என்னைத் தேடிவந்தான்.

"நாங்கள் ஊதின கூவல் பிழை, சேர். வண்டி அதைவிடத் தடிப்பாய்க் கத்துது" என்றான்.