போர்ட்லாந்தில் ஒரு மூடி

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்து நகரத்துக்குப் போகிறவர்கள் ரோஜாத் தோட்டத்தைப் பார்ப்பார்கள், மல்ட்னோமா அருவிக்குப் போவார்கள், பவல்ஸ் புத்தகக் கடையில் அரைநாளைத் தொலைப்பார்கள். நானும் எதையும் விடவில்லை. ஆனால், அந்த ஊரை எனக்குப் புரியவைத்தது பெரியப்பா மகன் வீட்டுக் கார் கொட்டகைதான்.

நான் போனது ஆகஸ்ட் கடைசியில். கொல்லையில் கட்டியிருந்த கயிற்றில் ஹாப்ஸ் கொடி கூரை உயரத்துக்கு ஏறியிருந்தது. பார்வைக்குப் பாகற்கொடி மாதிரி. காய்ப்பதோ சின்னச் சின்னப் பச்சைக் கூம்புகள். பீருக்குக் கசப்பும் மணமும் தருவது இதுதான். நகரத்தின் தெற்கே வில்லாமெட் பள்ளத்தாக்கில் இதைப் பண்ணை பண்ணையாகப் பயிரிடுகிறார்கள். அண்ணன் வீட்டுத் தெருவில் சாம்பார்ப் பொடி மாற்றிக்கொள்வதுபோல வீட்டில் காய்ச்சிய பீரை மாற்றிக்கொள்கிறார்கள்.

வீட்டில் பீர் காய்ச்சுவதை அங்கே மத்திய அரசு அனுமதித்தது 1978இல், அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம். இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை காய்ச்சலாம். நம் சிங்கப்பூரிலும் 18 வயது நிரம்பியவர்கள் சொந்தப் பயன்பாட்டுக்குக் காய்ச்சலாம். ஆனால், வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான். விற்கக்கூடாது.

காய்ச்சியதைக் குளிராக வைத்துக் குழாயில் பிடிக்க அண்ணன் செய்துகொண்டிருந்த பெட்டிக்கு 'கீஸர்' என்று பெயர். நம் வீட்டுச் சுடுநீர்க் கருவி அல்ல. 'கெக்' எனும் பீர்க் கலத்தையும் ஃப்ரீசரையும் சேர்த்துச் சூட்டிய பெயர். மேல்மூடி திறக்கும் படுக்கை ஃப்ரீசர் ஒன்றை வாங்கி, தலா 19 லிட்டர் பிடிக்கும் கலங்களை உள்ளே நிறுத்துகிறார்கள். உறைந்துவிடாமல் 3, 4 டிகிரியில் நிற்க வெளியே ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. குழாய்க்காகப் பெட்டியின் பக்கச் சுவரில் துளையிட்டால் உள்ளே ஓடும் குளிர்வாயுக் குழாய் உடையலாம். அதனால் பெட்டிக்கும் மூடிக்கும் நடுவே நாலு பக்கமும் மரச் சட்டம் வைத்து, குழாய்களை அதில் பொருத்துகிறார்கள்.

சிக்கல் தொடங்குவதும் அந்தச் சட்டத்தில்தான். அதன் அடிப்பக்கம் பெட்டியோடு நிரந்தரமாக ஒட்டியிருப்பதால் சிலிக்கோன் பசை போதும். மேல்பக்கம் தினமும் திறந்து மூட வேண்டியது. மூடியின் ரப்பர் பட்டைக்குள் காந்தம் இருக்கிறது. இரும்புத் தகட்டைக் கவ்விய அந்தக் காந்தத்துக்கு மரத்தில் வேலையில்லை. மூலைப் பொருத்தத்தில் மரம் இரண்டு மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் இடைவெளி விழும். வெளிக்காற்று உள்ளே போகும், அதன் ஈரம் குளிர்ந்து தண்ணீராகும், கம்ப்ரசர் ஓயாது. ஒலிபுகாத அறைக்குள் உட்கார்ந்து பேசிப் பழகிய காதுக்கு, இரவெல்லாம் அது விட்டு விட்டு உறுமியது நன்றாகவே கேட்டது.

"ரெண்டு பக்கமும் கொக்கி வெச்சு இழுத்துப் பூட்டிட்டா ஒரு சொட்டுக் காத்துகூடப் போவாது," என்றார் அண்ணன். கொக்கிகளை வாங்கியும் வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்ததும் தலையசைத்து மறுத்தார். எண்பதை நெருங்குபவர். குளிர்பதனப் பெட்டி பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். கொட்டகையில் கண்ணாமூச்சி விளையாடிக்கொண்டிருந்த அண்ணனின் பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார். ஒருவனுக்கு நான்கு வயது, இன்னொருத்திக்கு ஏழு.

அவர் சிறுவனாக இருந்த காலத்தில் குளிர்பதனப் பெட்டிகளின் கதவை வெளியிலிருந்து மட்டுமே திறக்க முடியும். கொண்டி விழுந்தால் விழுந்ததுதான். தூக்கிப்போட்ட பழைய பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிய பிள்ளைகள் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதனால்தான் 1956இல் அமெரிக்காவில் தனிச் சட்டமே வந்தது: வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவு உள்ளேயிருந்து தள்ளினாலும் திறக்க வேண்டும். கொண்டி போய் காந்தப் பட்டை பரவலானது அதன் பிறகுதான். குளிரைக் காக்கும் பொருள் என்று நான் நினைத்த ரப்பர் பட்டைக்கு இப்படியொரு கதை இருந்தது.

பீர்ப் பெட்டியில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கலத்துக்கு அழுத்தம் தரும் கரியமிலவாயு கசிந்தால், காற்றைவிடக் கனமான அது பெட்டிக்குள்ளேயே தேங்கும்.

அண்ணி எதுவும் பேசவில்லை. கொக்கிகளை எடுத்துப் பையில் போட்டு, திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள்களோடு வைத்துவிட்டார்.

மறுநாள் பெரியவரே வழிகாட்டினார். சட்டத்தின் மேல்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கினோம். வண்ணம் பூசிக் காயவைத்து, அதன்மேல் மெல்லிய எஃகுப் பட்டையைச் சுற்றிலும் ஒட்டினோம். காந்தத்துக்கு மறுபடி கவ்வ இடம் கிடைத்தது. இரவில் கைவிளக்கை எரியவிட்டு உள்ளே வைத்து மூடினோம். ஒரு மூலையில் மட்டும் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. அங்கே மெல்லிய நுரைப்பட்டை வைத்ததும் அதுவும் மறைந்தது. பிறகு டாலர் நோட்டுச் சோதனை: நோட்டை இடையில் வைத்து மூடி இழுத்தால் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்க வேண்டும். எல்லாப் பக்கமும் பிடித்தது. மூடியைத் தூக்க ஒரு விரல் போதுமாக இருந்தது.

அப்படியும் மூடியை நம்பிப் பிள்ளைகளை விட முடியாது. வீட்டிலிருந்து கொட்டகைக்குப் போகும் கதவில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வைத்தார்கள். பீர்க் குழாய்களுக்குத் தனிப் பூட்டு. பூட்ட வேண்டிய இடங்கள் அவைதான்.

நம் ஊர் ஈரக்காற்றுக்கு எந்தப் பட்டை தளர்ந்தாலும் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியையும் இன்றைக்கே சோதிக்கலாம். நம் இரண்டு வெள்ளி நோட்டு வழவழப்பான பாலிமர், அதனால் சாதாரணத் தாள் துண்டே நல்லது. தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் பட்டையைத் துடைத்துப் பாருங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். பழைய பெட்டியை வெளியே எடுத்து வைக்கும் நாள் வந்தால், முதலில் கதவைக் கழற்றிவிடுங்கள்.